வாடிக்கையாளரின் கலரைப் பிடுங்கிக் குடித்தேன்

எழுபதுகளின் நடுவில், ஒரு தை மாத முகூர்த்த சமயம். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் விற்பனையாளராக இருந்தேன். முப்பது வயதிலேயே சர்க்கரை வியாதி. தினமும் காலையில் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனதும், குடோனில் உட்கார்ந்து விலைச்சீட்டு ஒட்டச் சொன்னார். புடவையை விசிறி விரித்து எதிரே முகம் மலர்வதைப் பார்த்தே பழகியவன் நான். குடோன் எனக்கு ஜெயில். கெஞ்சினேன். இந்த முகூர்த்தம் முடியட்டும், பார்ப்போம் என்றார்.

கூட வேலை பார்த்தவர்களோ என் வாய்க்குக் காவல் போட்டார்கள். டீயில் சர்க்கரை விழவிட மாட்டார்கள். பக்கத்தில் உட்காரும் சைதாப்பேட்டை நண்பர் ஒருபடி மேலே போய், டாக்டர் சொல்லி நான் அலமாரியில் வைத்திருந்த கற்கண்டுப் பொட்டலத்தைத் திருட்டுத் தீனி என்று நினைத்து எடுத்து எறிந்துவிட்டார். எனக்கு அது தெரியாது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊசி போட்டவன் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றே குடோன்தானே?

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி வந்தது. பாயில் நாற்பது புடவைகள் விரிந்து கிடந்தன. வாடிக்கையாளரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது எங்கள் தொழிலில் மகா பாவம். இரண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டியது. அரக்குப் புடவையைக் காட்டிப் பச்சை என்றேன். அலமாரியைத் துழாவினால் பொட்டலம் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கல்யாண கோஷ்டிக்கு வழக்கம்போல் கலர் சோடா வந்தது. மணப்பெண்ணின் அம்மா கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி மடக்மடக்கென்று குடித்தேன்.

நண்பர் பாய்ந்து வந்து பாட்டிலை இழுத்தார். "இன்னா நைனா, சாவுறதுக்கு வழி தேடுறியா?"

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். வேலை போயிற்று என்று அந்த மயக்கத்திலும் புரிந்தது.

அந்த அம்மாள்தான் நண்பரின் கையைத் தடுத்தார். "குடிக்கட்டும், விடுங்கோ. எங்காத்துலயும் ஊசி போட்டுக்கறவர் இருக்கார். சர்க்கரை இறங்கிப்போனா இப்படித்தான் ஆகும்." தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தையும் உரித்துக் கொடுத்தார். வேறு ஆள் காட்டட்டுமா என்று முதலாளி கேட்டதற்கு, இவரே தெளிந்து வந்து காட்டட்டும், எங்களுக்கு அவசரமில்லை என்றார்.

கால் மணியில் தெளிந்தேன். மானத்தைப் பார்க்காமல், முழு விஷயத்தையும் எல்லோர் எதிரிலும் சொன்னேன். பிறகு உட்கார்ந்தேன் பாருங்கள், கூறைப்புடவை முதல் சம்பந்தி வீட்டுப் புடவை வரை அத்தனை பட்டும் என் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்களை வழியனுப்பிவிட்டு முதலாளி நேரே என்னிடம் வந்தார். "நாளையிலேருந்து பன்னெண்டு மணி அடிச்சா மொதப் பந்தி ஒனக்குத்தாம்ல. எந்த மகாராணி வந்து உக்காந்தாலும் எந்திரிச்சுப் போயிரு."

இருபத்தாறு வருடம் அதே பட்டுப் பிரிவில் இருந்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றேன். வியாதியைப் பாதி மறைத்தபோது பறிபோகப் பார்த்த வேலை, முழுக்கச் சொன்ன அன்றுதான் எனக்கு நிலைத்தது.