வேலி தாண்டிய கம்பி

ஒருவர் பெயரில் கொடுத்த மின் இணைப்பிலிருந்து அடுத்தவர் நிலத்துக்கு மின்சாரம் போகக்கூடாது; போனால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். சிறிய நாடு ஒன்று விளக்கெரிக்க அண்டை நாட்டை நம்பியிருக்கிறது என்று நாளிதழில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விதிதான் நினைவுக்கு வருகிறது.

அறுபதுகளில் திண்டுக்கல்லில் மின்சார அலுவலக எழுத்தராக இருந்தேன். அகரம் பக்கம், கணவரை இழந்த ஒரு பெண் கத்திரி போட்டிருந்தார். கோடையிலும் வற்றாத கிணறு, மோட்டாரும் வாங்கியாயிற்று, இணைப்புதான் இல்லை. மின்கம்பம் பக்கத்துத் தோட்டத்தோடு நின்றுவிட்டது. அவருடைய விண்ணப்பம் மேலிடத்துக்குப் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மேலிடம் யோசித்துக்கொண்டிருந்தது.

அதற்குள் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது: பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேலி தாண்டி அவருக்கு மின்சாரம் போகிறதாம். லைன் இன்ஸ்பெக்டரோடு நானும் போனேன்.

வேலிக்கு மேலே கம்பி. அதில் ஓர் ஈரத் துண்டு.

“கொடி சார், துணி காயப்போட,” என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

“கொடிக்கு எதுக்குய்யா ஃபியூஸ்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“போதும்ண்ணே, மோட்டார் ஓடுற சத்தம் அவுகளுக்குக் கேக்காதா?” என்ற அந்தப் பெண் எங்களிடம் திரும்பினார். “கரண்டுதான் சார். அண்ணன் கெணறு வத்திப்போச்சு. அவரு கரண்டு குடுக்குறாரு, நான் தண்ணி குடுக்குறேன். இப்ப அறுத்தீகன்னா என் கத்திரியும் போச்சு, அவரு வாழையும் போச்சு.”

இன்ஸ்பெக்டர் கட்டிங் பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இன்னொரு விதியும் உண்டு என்றேன். துண்டிக்குமுன் விளக்கம் கேட்க வேண்டும்; அதை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்; பதில் வரும்வரை கை வைக்கக்கூடாது. அந்தப் பெண் சொல்லச் சொல்ல அங்கேயே எழுதிக்கொண்டேன். பழைய விண்ணப்பத்தையும் நினைவூட்டி அனுப்பிவைத்தேன். மேலிடத்தின் தாமதத்தை அதற்குமுன் நான் அவ்வளவு நம்பியதில்லை.

கத்திரி காய்த்து ஓய்ந்தது. வாழை குலை தள்ளியது.

பதில் வந்ததும் நானே போய்ச் சொன்னேன்: புது இணைப்பு உண்டு, பழைய கம்பியை எடுத்துவிட வேண்டும். பக்கத்துக்காரர் முகம் வாடிவிட்டது.

“இனிமே என் கரண்டு ஒனக்கு வேணாம். என் வாழைக்குத் தண்ணி?”

“கம்பியத்தானண்ணே எடுக்கச் சொல்றாக. தண்ணி வர்ற வாய்க்கால மூடச் சொல்லலயே,” என்ற அந்தப் பெண், “ஏன் சார், தண்ணிக்கும் ரூல் வச்சிருக்கீகளா?” என்று கேட்டார்.

அது வேறு இலாகா என்றேன். எனக்குத் தெரியாத விதி அது ஒன்றுதான் போலும்.

பதில் வந்த அந்த நாள் ஆடிப்பெருக்கு.