ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பார்த்த பெயர்கள்

அந்த ரயில் நிலையத்துக்குப் பதினோரு வருஷமாக அவள்தான் குரல். எந்த வண்டி எத்தனையாவது நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்பதையெல்லாம் முதலில் தமிழில் சொல்வாள். பிறகு இன்னொரு மொழியில் சொல்வாள். அந்த இன்னொரு மொழி வேலைக்காகக் கற்றுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருஷம் ஒருநாள் அறிவிப்பு அறையில் ஒயரை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன், அது அவனுடைய தாய்மொழி என்பதால் சற்று நேரம் நின்று கேட்டான். பிறகு தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னான். "வண்டி புறப்படும்" என்று அவள் நினைத்துச் சொல்வது அவன் மொழியில் "வண்டி தும்மும்" என்று ஆகிவிடுகிறதாம். ஆக, நான்கு வருஷமாக அங்கே எல்லா வண்டிகளும் தும்மிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒருத்தராவது வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாள் அவன் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தாள். பிறகு அவனையே கல்யாணம் செய்துகொண்டாள்.

அவன் தமிழை அவளிடமிருந்துதான் கற்றான். அவள் அவனை "நீங்க" என்று கூப்பிட, தமிழில் அது ஒன்றுதான் உண்டு என்று நினைத்துவிட்டான். தெருப் பூனையிடமும் "நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க" என்பான். மகள் பிறந்த அன்று, துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும், "நீங்க ஏன் அழறீங்க? நாங்க இருக்கோம்ல?" என்றான். பிரசவ வார்டே சிரித்தது.

பிள்ளை பிறந்துவிட்டது, பெயர்தான் பிறக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் வந்து எழுதிக்கொள்ளலாம் என்றார்கள்.

அவளுடைய அண்ணன் அச்சகம் வைத்திருப்பவன். நல்ல தாளில் அச்சடித்தே ஒரு பட்டியலை அனுப்பிவைத்தான். எல்லாம் ஆறு எழுத்து, ஏழு எழுத்துப் பெயர்கள். மாமியார் ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்து, பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அவள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஒரு பெயருக்கோ மாமியாரின் மொழியில் தரை துடைக்கிற துணி என்று அர்த்தம்.

மாமியார் பக்கமும் ஒரு பெயர் வந்தது. அவருடைய அக்காவின் பெயர். அக்கா ஊரே மெச்சிய தாதி. ஆனால் தமிழ்க் காதுக்கு அது அப்படியே "சுளுக்கு" என்று கேட்டது.

"பெரியம்மா நல்லவங்கதாங்க. அதுக்காக என் பொண்ணைச் சுளுக்குன்னா கூப்பிட முடியும்?" என்றாள் அவள்.

"நீங்க சொல்றது நியாயம்" என்றான் அவன். ஆனால் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வீட்டில் இருந்த எல்லா சுவிட்சுகளையும் கழற்றி மாட்டினான்.

இரண்டு குடும்பங்களுக்கும் பிடிக்க வேண்டும் என்பது அவனுடைய கவலை. அவளுடைய கவலை வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாயைத் தவறவிட்ட நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை அறிவிப்பு அறையில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். சட்டைப் பையில் இருந்த சீட்டில் பெயர் இருந்தது. இவளுக்குப் பழக்கமில்லாத பெயர். எழுத்துக் கூட்டிப் படித்து ஐந்து முறை அறிவித்தாள். பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த சிறுமி ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத் தாயே தேடிக்கொண்டு ஓடி வந்தாள். வாசலில் நின்று அதே பெயரை வேறு மாதிரி, மெத்தென்று, கூப்பிட்டாள். சிறுமி பாய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது.

"இவ்வளவு நேரம் கூப்பிட்டேனே கண்ணு, கேக்கலையா?" என்று இவள் கேட்டாள்.

"அது நான் இல்ல" என்றது சிறுமி.

தன் மகள் எந்த வாசலில் நின்றாலும், எந்த வாய் கூப்பிட்டாலும், அது நான்தான் என்று திரும்ப வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அந்த மாதங்கள் ஒரு நீண்ட மத்தியானம் போலக் கழிந்தன. ஜன்னல் திரை உப்பி அடங்கும். தூரத்தில் வண்டிகள் போகும். அங்கே இப்போது ஒலிப்பது தற்காலிகமாக வந்த வேறொருத்தியின் குரல். மார்பில் பிள்ளையின் சூடு. அரைத் தூக்கத்தில் பெயர்கள் நிற்காத வண்டியின் ஜன்னல்களாய் ஒவ்வொன்றாகக் கண்ணை உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம் தெரிவது மாதிரி இருக்கும். உற்றுப் பார்ப்பதற்குள் போய்விடும். விழித்துப் பார்த்தால் ஒன்றும் நினைவிருக்காது. பெயர் இல்லாத அந்தச் சின்ன உடம்பு மட்டும், எந்த அவசரமும் இல்லாமல், காற்றில் விரல்களை விரித்துக்கொண்டிருக்கும்.

மாலையானால் மாமியார் வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார். அவருக்குத் தமிழ் தெரியாது. பேத்தியின் முகத்தை வைத்துத்தான் கற்றுக்கொண்டிருந்தார். மூக்கைத் தொட்டு மருமகளைப் பார்ப்பார். "மூக்கு, அத்தை" என்பாள். காது, கன்னம், நெற்றி என்று ஒரு நாளைக்கு ஒரு சொல். கண்ணுக்கு மேலே விரல் வைத்தபோது "இமை" என்றாள். மற்றதெல்லாம் அவர் நாக்கில் புரண்டு விழுந்தது. இந்தச் சொல் மட்டும் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி வந்தது. அதிலிருந்து பிள்ளையைத் தூங்கவைக்கும்போது, சுண்டுவிரலால் இமையை நீவிக்கொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். அதற்குப் பாட்டெல்லாம் தேவைப்படவில்லை.

ஐந்தாம் மாதம் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மூன்றாம் நடைமேடையில் புது ஒலிபெருக்கி மாட்டியிருந்தான். எப்படியும் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மணிக்கு மேல் முக்கால் மணி நேரம் எந்த வண்டியும் கிடையாது. மேற்பார்வையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கினான்.

"பேரைக் கூப்பிட்டுப் பாக்கலாம். நீங்க கேளுங்க. உங்க காது சொல்லும்."

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாம் நடைமேடையின் கோடியில் போய் நின்றாள். தண்டவாளத்தின் மேல் வெயில் நடுங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சுகள் காலி. அவனும் மாமியாரும் அறிவிப்பு அறையில்.

"சோதனை. ஒண்ணு, ரெண்டு" என்றது அவன் குரல். பிறகு அண்ணனின் பட்டியல். அந்தத் தகரக் கூரை அவளுக்குப் பழகிய எதிரி. எந்தச் சொல்லானாலும் கடைசி எழுத்தைத் தின்றுவிடும். ஏழு எழுத்துப் பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று மோதி, கடைசியில் வெறும் இரைச்சலாகத் திரும்பி வந்தன. பிள்ளை அவள் காதணியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

பெட்டி ஒன்றின் மேல் சாய்ந்திருந்த சுமைதூக்குபவர் எழுந்து வந்தார். "யாரும்மா காணாமப் போயிட்டாங்க? இத்தனை பேரைக் கூப்பிடறாங்களே!"

"காணாமப் போகலண்ணே. இன்னும் கிடைக்கல."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

பட்டியல் முடிந்தது. ஒலிபெருக்கியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. மாமியார் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்தது. அக்காவின் பெயரைத்தான் சொல்லப்போகிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆனால் அந்த அம்மாளுக்கு மைக்கைக் கண்டதும் கூச்சத்தில் எல்லாம் மறந்துபோயிருந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, தினமும் சொல்கிற ஒன்றைச் சொன்னார்.

"இமை..."

கூரை அதைத் தின்னவில்லை. தின்ன அதில் ஒன்றும் இல்லை. அது தண்டவாளத்தின் மேல் வழிந்துபோய், தூரத்துச் சுவரைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்பி வந்தது.

"இமை... இமை..."

பிள்ளையின் கை காதணியை விட்டது. தலையைத் திருப்பி, உயரத்தில் இருந்த ஒலிபெருக்கியை வாய் பிளந்து பார்த்தது. பார்த்துக்கொண்டே மெல்ல, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது.

அவள் அசையாமல் நின்றாள். வெயில், தகரம், எண்ணெய் வாசனை எல்லாம் எங்கோ தள்ளிப்போய், தோளில் இறங்கிய அந்தச் சின்னக் கனம் மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. ஓடி வந்த கணவன் முழங்கையைத் தொட்டபோதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க பாஷையில அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

அவன் யோசித்தான். உதட்டுக்குள் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தான். "ஒண்ணுமே இல்ல."

"தும்மல், துணி, எதுவும்?"

"எதுவும் இல்லீங்க. சுத்தமா இருக்கு."

மறுநாள் பதிவு அலுவலகத்துக்கு மூன்று பேரும் பிள்ளையோடு போனார்கள். எழுத்தர் பேனாவைத் திறந்துகொண்டு, "அவ்வளவுதானா? முன்னாடி பின்னாடி ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். மாமியார் அவர் மேசைக்கு மேல் குனிந்து, தன் கண்ணுக்கு மேலே விரலை வைத்துக் காட்டி, தெளிவாக ஒரு முறை சொன்னார். கோட்டின் மேலேயே எழுதினார் எழுத்தர்.

அண்ணன் போனில் கத்தினான். "ரெண்டே எழுத்தா? மையா செலவாகுது உனக்கு? நான்தானே அச்சடிச்சுத் தரப்போறேன்!" ஒரு மாதம் பேசாமல் இருந்தான். பிறகு பிள்ளையைப் பார்க்க வந்தவன் ஊருக்குத் திரும்பவே மனமில்லாமல் பத்து நாள் தங்கினான்.

அவள் மறுபடி வேலைக்குப் போனாள்; வண்டிகள் ஒழுங்காகப் புறப்பட்டன. பிள்ளைக்கு இப்போது ஒன்றரை வயது. கடைக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ குனிந்து "உங்க பேரு என்ன பாப்பா?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் கண் இரண்டையும் இறுக்க மூடிக்கொண்டு நிற்கும். பொண்ணுக்கு எவ்வளவு வெட்கம் பார் என்பார்கள். வெட்கமெல்லாம் ஒன்றும் இல்லை, பேரைத்தான் சொல்கிறாள்.