மூன்று குடம் நல்ல தண்ணீர்

செய்தியோடு நான் போய் நின்றபோது காலை மணி ஒன்பதே முக்கால். அத்தான் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து நாய்க்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், அக்கா கொழாயடியில விழுந்துட்டா. மாரு வலி. மதார் சாகிப்பும் நானும் ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். சொந்தக்காரங்கள வரச் சொல்லுங்கன்னுட்டாரு டாக்டர். அக்கா ஒங்களத்தான் கேக்குறா."

"அதான் மூணாவது கொடம் வரலையா?" என்றார்.

அத்தான் நீலகண்டனைத் தலத்தெருவில் தெரியாதவர் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடும் தான் சொன்னதே சட்டம் என்ற நினைப்போடும் ஊர் திரும்பியவர். பிஜு என்ற அந்த வெள்ளைப் பொமரேனியனின் மயிர் தரையைப் பெருக்கும். குளிர்தேசத்துச் சாதியைக் கத்திரி வெயிலில் வளர்த்துக் காட்டுவது அவருடைய வீம்பு. கோட்டுச்சேரியிலிருந்துகூட இன்றும் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு யோசனை கேட்க வருகிறார்கள். "அதுக்கு ஒடம்புல வேர்க்காதுய்யா. நாக்காலதான் சூட்ட வெளியில விடும்" என்பார். கோடைக்கு மயிரை மழித்துவிடலாமா என்று கேட்டால் போச்சு. "ஒன் கொடையக் கிழிச்சுப் போட்டுட்டு வெயில்ல நிப்பியா நீ?"

அவர் சொல்வதில் தப்பு இருக்காது. அதுதான் எரிச்சல். நாயின் காதில் பஞ்சு வைத்த பிறகுதான் முதல் சொம்பு. உண்ணியை நசுக்கமாட்டார், வேரோடு பிடுங்கி மண்ணெண்ணெய்க் கொட்டாங்கச்சியில் போடுவார். தோல் சிவந்த இடத்துக்கு வேப்பிலையும் மஞ்சளும், அம்மியில் மை போல அரைத்து. அரைப்பது அக்கா. அக்காவின் முதுகில் வேர்க்குரு வெடித்து ரவிக்கை ஒட்டிக்கொள்ளும். அதற்கு அவர் வைத்தியம், "விசிறிக்கயேன்."

நாயோடு பேசுவது பிரெஞ்சில். "துஸ்மான், பிஜு, துஸ்மான்." மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். முப்பது வருஷத்தில் அக்காவிடம் அவர் எதையும் மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக் கிணறு உப்பு. நாய்த் தோலுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. மனிதத் தோலுக்கு ஆகும் போலிருக்கிறது. அக்கா அதில்தான் குளித்தாள். நாய்க்காகத் தெருக்கோடிக் குழாயிலிருந்து தினம் மூன்று குடம் நல்ல தண்ணீர் சுமந்தாள். நனைக்க ஒன்று, சோப்புக்கு ஒன்று, அலச ஒன்று. எண்பத்து மூன்று மே மாதம் அந்தக் காலையில் அலசுகிற குடத்தோடுதான் விழுந்தாள்.

"அத்தான், ரிக்‌ஷா வாசல்ல நிக்குது."

"சோப்பு காஞ்சா தோலுல படை வந்துரும். நீ முன்னால போ. வர்றேன்னு சொல்லு."

"கூட்டிக்கிட்டுத்தான் வரணும்னு அக்கா சொல்லியிருக்கா."

"அவ சொல்லுவா."

வேலிக்கு அப்பாலிருந்து மதார் சாகிப்பின் மனைவி கைருன்னிஸா கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு மச்சி. குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும் அவர்களுக்கு. அதற்காகவே பிஜு தெருவில் வந்தால் ஒதுங்கிப் போகிறவர்.

"அண்ணே, சொம்ப இங்க குடுங்க. நான் ஊத்தி வுடுறேன். மண்ணு போட்டு ஏழு தரம் கழுவிக்கிறேன், அது என் பாடு. நீங்க கெளம்புங்க."

"ஒங்களுக்குப் பழக்கமில்லம்மா. காதுல தண்ணி எறங்கிடும்."

"காதா இப்ப முக்கியம்? அல்லாவே! அங்க மச்சி கெடக்குறாங்கண்ணே!"

அத்தான் குடத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். கழுத்து, முதுகு, வயிறு, வால் என்று வரிசையாக ஊற்றினார். விரலால் மயிரைப் பிரித்துப் பிரித்து நுரை நிற்கிறதா என்று பார்த்தார். பி.ஏ. படித்த நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். வயதில் மூத்தவர், அக்கா புருஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் ரிக்‌ஷாக்காரன் மூன்று முறை மணி அடித்தான்.

பத்தே காலுக்குப் பஞ்சை எடுத்தார். வேப்பமர நிழலுக்கு நாயை நகர்த்தினார். வெயிலில் உலர்த்தினால் தோல் வறண்டுவிடுமாம். துண்டால் முதுகைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தார். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் புண் வைக்கும் என்று சொல்லி, ஒவ்வொரு காலாக மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மதார் சாகிப்பின் சைக்கிள் கொல்லைப் படலில் வந்து நின்றது. மனிதர் இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். கைருன்னிஸா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"இதோ பாய், முடிஞ்சிட்டுது. வந்துட்டேன். ஒரே ஒரு காலுதான் பாக்கி."

"மெதுவா வாங்கண்ணே" என்றார் மதார் சாகிப். "இனிமே அவசரமில்ல."

அத்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாயின் பின்னங்கால் அவர் உள்ளங்கையில் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு விரல்களை விரித்தார். நாய் காலை உருவிக்கொண்டு போயிற்று. துண்டு மடியிலேயே கிடந்தது. அந்த நான்காவது காலை அவர் துடைக்கவில்லை.