பூநாரைகளுக்கு நடுவே

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவருக்கு டைபாய்டு வந்தது. ஏற்காட்டில் ஒரு பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார். இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தவருக்கு ஜன்னலுக்கு வெளியே நின்ற பலாமரம்தான் உலகம். அதில் வந்து உட்கார்ந்த குருவிகளைப் பார்த்துப் பார்த்து, எழுந்து நடமாடத் தொடங்கியபோது பறவைப் பைத்தியமாகியிருந்தார்.

அவர் பிழைத்தால் அவர் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று நான் வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்திருந்தேன். கிறிஸ்துமஸ் லீவில் கிளம்பினோம். கோடியக்கரை அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், இந்த மாதத்தில் பூநாரைகள் வந்திருக்கும் என்று பஸ்ஸிலேயே மெல்ல ஆரம்பித்தார். நேர்த்திக்கடனுக்குப் போகிற இடத்தில் நாரை பார்ப்பதா என்று எனக்கு எரிச்சல். எஸ்டேட் மேனேஜரிடம் இரவல் வாங்கிய பைனாகுலரைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்திருந்தார் என்பது மெழுகுவர்த்தி ஏற்றி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. போனோம்.

நான் ஏற்காட்டை ஒட்டிய செம்மநத்தத்தில் பிறந்தவள். எங்கள் மலையில் வானத்தைச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். கோடியக்கரைச் சதுப்பில் இறங்கியதும் நாலு திசையிலும் மறைப்பதற்கு எதுவுமே இல்லாமல் எனக்குத் தலை சுற்றியது. சேறும் தண்ணீரும் வெயிலும் ஒன்றாகக் கிடந்தன. எங்களுடன் வந்த வனத்துறை வாட்சர், தண்ணீர் உள்வாங்கிவிட்டதால் பறவைகள் தூரத்தில் மேய்கின்றன, தான் நடக்கும் தடத்தை விட்டு விலகக் கூடாது என்றார். தொலைவில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள் என்றார் கணவர். எனக்கு அது உப்பளத்துக் கரை போலத்தான் இருந்தது.

அவர்கள் இருவரும் பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு சங்கை எடுக்கத் தடத்தை விட்டு விலகினேன். பத்தடி நன்றாகத்தான் இருந்தது. அடுத்த அடியில் இரண்டு கால்களும் முழங்கால் வரை இறங்கிவிட்டன. கத்தினேன். கணவர் ஓடி வரப் பார்த்தார். வாட்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அம்மா, காலை இழுக்காதீங்க. இழுத்தா இன்னும் உள்ள வாங்கும். அப்படியே நில்லுங்க, நான் பலகை எடுத்துட்டு வர்றேன்" என்றார் என்னிடம்.

பலகை சாலையோரக் கொட்டகையில் இருந்தது. அவர் போய்விட்டார். "அசையாத நில்லு புள்ள, நொம்ப நேரம் ஆவாது" என்று கணவர் தடத்தில் நின்றபடியே குரல் கொடுத்தார். நான் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லியபடி நின்றேன்.

எத்தனை முறை சொன்னேனோ, ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. சந்தைக் கூட்டம் தூரத்தில் பேசுவது மாதிரி. நிமிர்ந்து பார்த்தால் அந்தக் கோடு நடந்து வந்துகொண்டிருந்தது.

திரும்ப மெல்ல ஏறி வந்த தண்ணீருக்குள் தலையைக் கவிழ்த்து மேய்ந்தபடி, அவசரமே இல்லாமல் வந்தன. என்னை ஒரு முளைக்குச்சி என்று நினைத்திருக்க வேண்டும். முன்னால் வந்தவை என்னைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் பிரிந்தன. ஒன்று பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்று கழுத்தைத் தூக்கியது. என் தோள் உயரம் இருக்கும். வளைந்த அலகின் முனை கறுப்பு, கண் வெளிர் மஞ்சள், அலகிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. அதன் பின்னால் இன்னும் நிறம் வராத சாம்பல் குஞ்சு ஒன்று தாய் செய்வதை அப்படியே செய்துகொண்டிருந்தது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. ஜெபமும் பாதியில் நின்றுவிட்டது. கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியபோதுகூட என் மனம் அப்படி ஒடுங்கி நின்றதில்லை.

பலகையோடு வாட்சர் வருவதைக் கண்டதும் எல்லாக் கழுத்துகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. தண்ணீர் மேல் ஓடி ஓடி எழும்பின. மூடியிருந்தவரை வெள்ளையாகத் தெரிந்த சிறகுகளுக்குள் அத்தனை சிவப்பு இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. தலைக்கு மேல் கொஞ்ச நேரம் வானமே இல்லை.

பலகையில் படுக்க வைத்து என்னை இழுத்தெடுத்தார்கள். செருப்பு இரண்டும் சேற்றோடு போயின. கணவர் என் கால்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். இவ்வளவு கிட்ட வந்ததே, நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்? நீ எறங்கிக்கிட்டே போறயான்னு உன் காலத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம், சேலம் வரும்வரை, கண் என்ன நிறம், குஞ்சு எவ்வளவு உயரம், எப்படிச் சத்தமிட்டது என்று கேட்டுக்கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவை என்னைச் சுற்றி நின்றபோது எப்படி இருந்தது என்றும் கேட்டார். அதற்கு மட்டும் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவரும் அந்த இடத்தை நோட்டில் காலியாக விட்டுவிட்டார்.