மூன்றுக்குக் கீழே

மார்லா கோம்ஸுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாண்ட்விச் சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். போனில் பேசினால் கார் நிறுத்துமிடத்தை நாலு சுற்று சுற்றி வந்துவிடுவாள். முப்பத்து மூன்று வயதில் ஒருத்தி இப்படியா காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள் போல் அலைவாள் என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்டாயிற்று. கென்டக்கி மலைக்குள் இருக்கிற எங்கள் மாவட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் நிதானமான ஆட்கள்தான். நிலக்கரி எடுத்த நாளில் ஓடியது போதும் என்று உட்கார்ந்துவிட்டவர்கள்.

அவள் வேலை, ஊர் கிளினிக்கில் எங்கள் சுரங்கக்காரர்களின் மூச்சை அளப்பது. மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, நெஞ்சு நிறைய இழுக்கச் சொல்லி, பிறகு கத்துவாள் பாருங்கள், "ஊதுங்க! ஊதுங்க! ஊதுங்க! நிறுத்தாதீங்க, இன்னும் இருக்கு, உள்ள இன்னும் இருக்கு, பிழிஞ்சு விடுங்க!" பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரை எண்ணுகிறவர்கூடக் கூடவே மூச்சை விட்டுவிட்டு நிற்பார். கத்தினால்தான் ஆள் கடைசித் துளி வரை ஊதுவான். ஊதுவது திரையில் கோடாக வரும். ஒரு தடவை ஊதினால் செல்லாது. மூன்று தடவை ஊதி, மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒன்று ஆளுக்குத் தெம்பில்லை, இல்லை ஆள் ஏமாற்றுகிறான். எது என்று மார்லாவுக்குத் தெரியும்.

நிலக்கரித் தூசி நுரையீரலைத் தின்றவர்களுக்கு நஷ்டஈடு கிடைக்க அந்தச் சோதனைத் தாளில் டாக்டர் கையெழுத்து வேண்டும். அதைப் படித்துக் கையெழுத்துப் போட எங்கள் ஊரில் டாக்டர் கிடையாது. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு ஒருவர் வருவார். பனி கொட்டினால் அவரும் வரமாட்டார். மூன்று வாரம், நாலு வாரம் என்று தாள்கள் தட்டில் கிடக்கும். கையெழுத்து வருவதற்குள் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தே விட்டார்கள். இரண்டாவது ஆளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றுதான் மார்லா டாக்டருக்குப் படிப்பது என்று முடிவு கட்டினாள்.

முடிவு கட்டுவதற்கு என்ன, யாரும் கட்டலாம். அவளுடைய பழைய மதிப்பெண் இருக்கிறதே! பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போனாள். படித்தாள் என்று சொன்னால் எனக்கே வாய் கூசும். மண் பாதையில் கார்ப் பந்தயம் ஓட்டுகிற ஒருவனோடு சனி ஞாயிறெல்லாம் சுற்றினாள், திங்கள்கிழமை தூங்கினாள். பட்டம் வாங்கியபோது நாலுக்கு இரண்டரை சராசரி. பந்தயக்காரன் போய்விட்டான். இரண்டரை போகவில்லை.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் எதையும் மன்னிக்காது. எந்தக் கல்லூரியில், எந்த வயதில், என்ன படித்திருந்தாலும் எல்லாம் கணக்கில் வரும். தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்து முதல்தரம் வாங்கினாலும் பழைய தோல்வி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் மார்லா ஐந்து வருஷம் வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்கு ஓடினாள். வேதியியல், இயற்பியல், உடலியல். ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல்தரம். நுழைவுத் தேர்விலும் நல்ல எண். அப்படியும் முதல் வருஷம் பதினெட்டுக் கல்லூரிகள் வேண்டாம் என்றன. இரண்டாம் வருஷமும் அதே கதைதான். ஆத்திரம் தாங்காமல், பக்கத்தில், இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த கல்லூரிக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"மூணுக்குக் கீழ இருந்தா கம்ப்யூட்டரே ஒதுக்கி வச்சிடும்மா. உங்களுது ரெண்டு புள்ளி ஒன்பது ஆறு. உங்க ஃபைல யாரும் தொறந்துகூடப் பாக்கல" என்றாள் சேர்க்கை அலுவலகப் பெண்.

"நாலு சொட்டு கொறஞ்சதுக்கா?"

"கோடுன்னு ஒண்ணு போட்டா எங்கயாவது போட்டுத்தானே ஆகணும்."

அந்த நாலு சொட்டுக்காக இன்னொரு வருஷம், இன்னும் மூன்று பாடம். மூன்றிலும் முதல்தரம். சராசரி மூன்று புள்ளி பூஜ்யம் ஒன்று! மூன்றாம் முறை போட்டாள். ஜனவரியில் அதே கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வரவேற்பு மேசையில் இருக்கும் வாண்டா ஒரு பெரிய தட்டு நிறைய வாழைப்பழப் புட்டிங் செய்து எடுத்து வந்து, நோயாளிகளுக்கெல்லாம் கொடுத்தாள். சர்க்கரை வியாதிக்காரர்கள்கூட ஒரு கரண்டி சாப்பிட்டார்கள்.

நேர்காணல் வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் புட்டிங்கின் மிச்சத்தைச் சாப்பிடும்போதுதான் வாண்டா அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"எம் பொண்ணு ஹை ஸ்கூல்லயே காலேஜ் பாடம் ஒண்ணு எடுக்கறாடி. ஒழுங்காப் படிடின்னு கத்திட்டு வந்தேன். அதுல தோத்தா அது காலேஜ்ல தோத்த மாதிரியாம். சாகற வரைக்கும் பின்னாடியே வருமாம்."

மார்லாவின் கரண்டி வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

பதினோராம் வகுப்பு. பள்ளியின் பின் அறையில் சமுதாயக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து உயிரியல் நடத்துவார். அதில் சேர ஒரு நாள் எல்லோரையும் உணவுக் கூடத்தில் உட்காரவைத்து, கட்டுக் கட்டாகத் தாள்களைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். போட்டவர்களுக்கெல்லாம் பீட்சா. நானும் போட்டேன், எங்கள் வகுப்பே போட்டது. கல்லூரியில் சேருகிறோம் என்று எவளுக்குத் தெரியும்? பீட்சாவுக்குக் கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து மார்லாவுக்குப் பர்கர் கடையில் வேலை கிடைத்தது, உயிரியலுக்குப் போவதை விட்டுவிட்டாள். விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ச் சமுதாயக் கல்லூரிக்குப் போன் போட்டாள். ஆறாவது சுற்றில் பதில் வந்தது.

"இருக்கும்மா உங்க பேரு. ஆய்வகத்தோட உயிரியல், நாலு கிரெடிட். தோல்வி."

குழாய்கள் வந்த அட்டைப் பெட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். மூன்று தடவை போட்டாள். மூன்றும் பொருந்தின. இரண்டு புள்ளி ஒன்பது ஐந்து. விண்ணப்பத்தில் 'படித்த கல்லூரிகள் அனைத்தையும் குறிப்பிட்டிருக்கிறேன்' என்பதற்குக் கீழே அவள் கையெழுத்து இருந்தது.

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள் வாண்டா. "பதினாறு வருஷம் முன்னாடி பர்கர் திருப்பப் போன கதைய யாரு தோண்டப் போறா? வாயத் தொறக்காம போ, பல்லக் காட்டு, சீட்ட வாங்கிட்டு வா."

"சேந்ததுக்கு அப்புறம் தெரிஞ்சா வெளிய தள்ளிடுவாங்கக்கா."

"தெரிஞ்சாத்தானே?"

"ஆமா. தெரிஞ்சாத்தான்" என்றாள் மார்லா. அன்று மாலை வரை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். குழாய்ப் பெட்டிகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். ஒரு கிழவரை ஊதச் சொல்லிவிட்டுக் கத்த மறந்துபோய் நின்றாள். "என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று அவர் கேட்டார்.

அவளை அரித்தது கல்லூரிக்காரர்கள் இல்லை. டூயி மாமா.

டூயி மாமா அவள் அம்மாவின் தம்பி. இருபத்தெட்டு வருஷம் சுரங்கத்துக்குள் இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நஷ்டஈட்டுக்காகச் சோதனைக்கு வந்தார். நோய் நிஜமாகவே இருந்தது. ஆனால் இருக்கிற நோய் போதாதோ என்று பயந்து, மனிதர் கொஞ்சம் நடிப்பையும் சேர்த்துக்கொண்டார். பாதியில் விட்டார், இருமினார், கன்னத்தால் ஊதினார். எட்டுத் தடவை ஊதியும் இரண்டு கோடுகூடப் பொருந்தவில்லை. "மாமா, ஒழுங்கா ஊதுங்க, உங்களுக்கு நடிக்கவே வேண்டியதில்ல" என்று கெஞ்சிப் பார்த்தாள். முறைத்தார். கடைசியில் தாளில் 'முழு முயற்சி இல்லை' என்று எழுதினாள். மனு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவள் இருக்கிற வீட்டுக்கு அவர் வரவில்லை. நன்றித் திருநாள் விருந்தில் அவர் நாற்காலி காலியாகக் கிடக்க, அம்மா அடுப்படியில் நின்று அழுதாள்.

மாமாவைப் பற்றி உண்மையை எழுதிய கை இப்போது இதை எழுதாமல் இருக்கலாமா? இருக்கலாம் என்று மனசு நூறு காரணம் சொன்னது. ஒன்றும் உட்காரவில்லை. புதன்கிழமை காலையில் சமுதாயக் கல்லூரி மதிப்பெண் பட்டியலை அனுப்பச் சொல்லிவிட்டு, சேர்க்கை அலுவலகப் பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப மூணுக்குக் கீழ வந்துடுச்சு."

"வந்துடுச்சு."

"அழைப்பு போனது போனதுதான். வாங்க. மத்தது குழு முடிவு பண்ணும். நான் எந்த உறுதியும் தர முடியாதும்மா."

போனை வைத்ததும் மார்லா அழுதாள். தைரியசாலி என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். சொல்லியிருக்க வேண்டாமே என்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

வியாழக்கிழமை அவளைக் கேள்வி கேட்டவர் டாக்டர் ஹால்பெர்ன், நரைத்த குட்டை முடிக்காரம்மா. பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இத நீங்களா சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும் டாக்டர்."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

மாமா கதையைச் சொன்னாள். "இத மறைச்சிட்டு அவரு மூஞ்சில நான் முழிக்க முடியாது. இப்பவும் முழிக்க முடியல, அது வேற விஷயம்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த உயிரியல்ல ஏன் தோத்தீங்க? வீட்டுல ஏதாவது கஷ்டமா?"

கஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? "இல்ல டாக்டர். சோம்பேறித்தனம். போகவே இல்ல" என்றாள்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. சேர்க்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. காத்திருப்போர் பட்டியல்! இதைவிட ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மார்ச், ஏப்ரல், மே. போன் அடித்தால் குதித்தாள், அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்த்தாள். வாண்டா வீட்டு வேலியை ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்காமலே போய் வெள்ளையடித்துவிட்டு வந்தாள். ஜூலை நடுவில் வாண்டா கணக்குச் சொன்னாள், "இன்னும் பத்து நாள்ல அங்க வகுப்பு ஆரம்பம். இனிமே எங்கடி கூப்பிடப் போறாங்க? அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடு."

அன்று பதினோரு மணிக்கு டூயி மாமா வந்தார். வண்டியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கிளிப்புக்காக மூக்கை நீட்டினார்.

முதல் ஊதல். ஒழுங்கான ஊதல். முகம் நீலம் பாரித்தது. ஐந்து நிமிஷம் ஓய்வு. இரண்டாவது. இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்றாவதை ஆரம்பித்தபோது மார்லாவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவள் கை அதற்குப் போகவில்லை. "ஊதுங்க மாமா! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு!" என்று கத்தினாள். போன் அடித்து ஓய்ந்தது. மாமா கடைசித் துளி வரை விட்டுவிட்டுக் குனிந்து இருமினார். மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்று. அவள் பயந்ததைவிட அது கீழே இருந்தது.

"என்ன எழுதப் போற?" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"முழு முயற்சின்னு."

"அன்னிக்கு பயந்துட்டேன்டி. மூச்சு இருக்குன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்." கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "ரெண்டு வருஷம் போச்சு."

"தெரியும் மாமா."

போன் மறுபடி அதிர்ந்தது. "எடுத்துத் தொலையேன். பாக்கெட்டுக்குள்ள வண்டு வளக்கறியா?" என்றார் மாமா.

எடுத்தாள். அதே அலுவலகப் பெண். ஒருவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார், ஓர் இடம் இருக்கிறது, குழு ஃபைலை முழுக்கப் படித்துத்தான் சொல்கிறது, இன்று ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். மார்லா 'சரி' என்பதை மூன்று தடவை சொன்னாள். பிறகு, தான் அதுவரை பார்த்திராத ஒரு காரியத்தை அவள் செய்தாள் என்று வாண்டா பிற்பாடு சொன்னாள். பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மாமாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "எத்தன வருஷப் படிப்பு?"

"நாலு. நுரையீரல் டாக்டர் ஆகணும்னா அதுக்கு மேல ஆறு."

"பத்து." திரையைப் பார்த்தார். "இந்தக் கோட்ட வச்சுச் சொல்லு. எனக்கு எத்தன வருஷம் இருக்கு?"

"நான் டாக்டர் இல்ல மாமா. சொல்லக் கூடாது."

"நீ எனக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டேங்கறது ஊருக்கே தெரியும். சொல்லு."

அவள் திரையைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "நல்லா பாத்துக்கிட்டா அஞ்சு."

"அஞ்சா." மாமா கிளிப்பை மூக்கிலிருந்து கழற்றி அவள் மடியில் போட்டார். "அப்ப ஏன்டி உக்காந்துட்டிருக்க?"