நண்பனின் கம்ப்யூட்டரில் நான் மாற்றாமல் விட்ட செட்டிங்

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியின் சோதனை அறையில், என் நெருங்கிய நண்பனுக்குத் துரோகம் செய்தேன். பொய் சொல்லவில்லை, லஞ்சம் வாங்கவில்லை. அவன் தயாரித்த கம்ப்யூட்டரைச் சோதித்தபோது கண்ணில் பட்ட ஒன்றைப் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அவனும் நானும் அந்தக் கம்பெனியில் வருடக்கணக்காக ஒன்றாக வேலை பார்த்தவர்கள். வேப்பம்பட்டில் நான் மின்சார ரயில் ஏறுவேன், ஆவடியில் அவன் ஏறுவான். ஏறும்போதே பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, "இன்னா மச்சான், எனுக்கு எடம் போடாம ராஜா கணக்கா குந்திகினு கீற?" என்று கத்துவான். பட்டரவாக்கத்தில் இறங்கி, கம்பெனி வரைக்கும் வம்பளந்தபடி நடப்போம். கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக் கேக், பொங்கலுக்கு என் வீட்டுச் சாப்பாடு. மழையில் ரயில் நடுவழியில் நின்றுபோனால், மத்தியானத்துக்குக் கட்டிய சாப்பாட்டைக் காலையிலேயே பிரித்து இரண்டு பேரும் காலி செய்துவிடுவோம். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

ஐம்பது வயதில் அவன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஆவடியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடை போட்டான். என்னையும் பங்குக்குக் கூப்பிட்டான். மாதச் சம்பளத்தை விட எனக்குப் பயம். 'வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை' என்று மனைவி மேல் பழியைப் போட்டேன். உண்மையில் அவளிடம் நான் கேட்கவே இல்லை.

அடுத்த வருடம் எங்கள் டிசைன் பிரிவுக்குப் புதிய கம்ப்யூட்டர்கள் வாங்க முடிவானது. பெரிய டீலர் ஒருவரிடமிருந்து ஒன்று, என் நண்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு மாதிரிகள் வந்தன. எதில் பிராசஸர் வேகமாக ஓடுகிறதோ அதற்குத்தான் ஆர்டர். சோதிக்கும் பொறுப்பு என்னுடையது.

இப்படி வேகம் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. வைரஸ் ஸ்கேன், தானாக ஓடும் அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். மின்சார செட்டிங்கை முழு வேகத்தில் வைக்க வேண்டும். மறுபடி ஆன் செய்து, கம்ப்யூட்டர் அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் சோதனை நிரலை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எங்கள் கம்பெனியில் இந்த முறையைக் கொண்டுவந்தவனே நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

டீலரின் கம்ப்யூட்டருக்கு எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். நண்பனுடையதற்கும் ஒவ்வொன்றாகச் செய்துவந்து, கடைசியில் மின்சார செட்டிங்கைத் திறந்தேன். 'பவர் சேவர்' என்று இருந்தது. காரணம் உடனே புரிந்துவிட்டது. அது மின்வெட்டுக் காலம். கடையில் இருந்த ஒரே இன்வெர்ட்டரை வைத்து ஒப்பேற்றுவதற்காக எல்லாக் கம்ப்யூட்டரையும் அவன் அப்படித்தான் வைத்திருப்பான். அனுப்பும்போது மாற்ற மறந்திருக்கிறான். அந்த செட்டிங்கில் பிராசஸர் தன் வேகத்தை அடக்கிக்கொண்டுதான் ஓடும். ஒரே ஒரு கிளிக்கில் மாற்றியிருக்கலாம். கை மவுஸின் மேல்தான் இருந்தது.

இவன் ஜெயித்துவிட்டால், கூப்பிட்டும் போகாத நான் கோழை என்றாகிவிடுமே என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். செட்டிங்கை அப்படியே விட்டு, அந்தப் பக்கத்தை மூடிவிட்டுச் சோதனையை ஓட்டினேன்.

அவன் கம்ப்யூட்டர் வெகுவாகப் பின்தங்கியது. ஆர்டர் டீலருக்குப் போனது. மாதிரியைத் திரும்ப எடுத்துப்போக வந்தவன், "நீயா மச்சான் டெஸ்ட் பண்ண?" என்று கேட்டான்.

"நான்தான்."

"அப்ப கரெக்டாத்தான் இருக்கும். நான்தான் எங்கியோ சொதப்பிட்டேன்" என்று சொல்லி, பெட்டியை ஆட்டோவில் ஏற்றினான்.

அந்த ஆர்டரை நம்பித்தான் அவன் இருந்தான். சில மாதங்களில் கடையை மூடிவிட்டு, பூந்தமல்லிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தான். நான் அவன் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தினேன். அவன் கூப்பிட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்த்தேன். பிறகு அவனும் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

போன வருடம் என் லேப்டாப் மெதுவாக ஓடுகிறதே என்று செட்டிங்கைத் திறந்தேன். அதே பக்கம் வந்து நின்றது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையே பருத்திப்பட்டில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "அடேய், உயிரோடதான் கீறியா!" என்று சிரித்தான். உட்காரக்கூடச் செய்யாமல், நடந்தது முழுவதையும் நின்றபடியே சொன்னேன். சிரிப்பு மெல்ல மறைந்தது.

"அப்ப, மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல?"

"இல்லை."

"அத கயட்டிக் கயட்டி மாட்னேன்டா. மெமரிய மாத்துனேன், ஃபேன மாத்துனேன். இங்க ஃபுல் ஸ்பீடுல வச்சி ஓட்னா சூப்பரா ஓடுது, அங்க மட்டும் இன்னாத்துக்குப் படுத்துக்கிச்சின்னு பைத்தியம் புடிக்காத கொறை. நீ செட்டிங் பாக்காம டெஸ்டே பண்ணமாட்ட. அதான் அத நான் நெனச்சிக்கூடப் பாக்கல."

அந்தக் கம்ப்யூட்டர் இப்போது இருக்கிறதா, சரியான செட்டிங்கில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பாகம் பாகமாகப் பிரித்து விற்றுவிட்டானாம். மிச்சமிருந்த பக்கத் தகடு தண்ணீர் மோட்டாருக்கு மூடியாகக் கிடந்தது. அன்று ஒழுங்காகச் சோதித்திருந்தால் அவன் ஜெயித்திருப்பானா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிறகு அவன் சொன்னான்: "என்னாண்ட சொன்னது பத்தாது. எம் பொண்டாட்டியாண்ட சொல்லு."

அவர் வெளியே வந்தார். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருசமா, ஒரு ஸ்க்ரூவ ஒழுங்கா மாட்டத் தெரியாத மனுசன்னு இவர நான் ஏசிகினு கீறேனேண்ணே. மிக்ஸி ரிப்பேர்னாகூடத் தொட வுட்டதில்ல."

"வுடு" என்றான் அவன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வீட்டில் முதல் தடவையாக என்னிடம் யாரும் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை.

கேட் வரை கூடவே வந்தான். "ரோட்ல பாத்தா பேசறேன். ஊட்டுக்கு வராத" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். நான் தலையாட்டினேன்.

அன்றைக்கே எங்கள் பழைய மேனேஜருக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டு, அவர் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, எங்களோடு வேலை பார்த்த ஒருவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். சர்ச் ஆபீஸில் பழுதாகிக் கிடந்த கம்ப்யூட்டரை என் நண்பன் சரிசெய்து கொடுத்தானாம். அக்கம்பக்கத்தார் இப்போது ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்களாம். அவன் மனைவியே வாசல் அறையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறாராம்.

அந்த மேஜையைப் போய்ப் பார்க்க எனக்கு உரிமையில்லை. அந்தச் சோதனையில் ஒரு பொய்கூடச் சொல்லாமல், என்மேல் வைத்த நம்பிக்கையை வைத்தே ஒரு மனிதனைத் தன் கையையே சந்தேகிக்க வைத்துவிட்டேன் என்ற எண்ணம் மட்டும் கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது.