பத்துப் பேருக்கு மேல் வேண்டாம்

அந்தச் சனிக்கிழமை காலை, தெலுக் பஹாங்கில் தேசியப் பூங்காவின் வாசலில் நின்று தலைகளை எண்ணினேன். முப்பத்தெட்டு. வருகிறேன் என்று சொன்னவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எந்த லைனுக்கு எத்தனை ஆள், எந்தச் சாமான் எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும் என்று அட்டவணை போடுவது என் பிழைப்பு. நாற்பதைத் தாண்டியதும் முழங்கால் பிடித்துக்கொண்டது, மருத்துவர் நடக்கச் சொன்னார். நானும் கம்பெனித் தோழிகள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றுப் பாதைகளில் நடக்கத் தொடங்கினோம். போன இடமெல்லாம் படம் எடுத்துப் போட்டோம். படத்தைப் பார்த்தவர்கள் நாங்களும் வருகிறோம் என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன். சுங்கை பினாங்கில் எங்கள் ஃபிளாட்டிலேயே இரண்டு மாடி கீழே குடியிருக்கும் என் அக்காவும் சேர்ந்தாள். குழு வளர வளர, நான் ஏதோ நல்ல காரியம் செய்வதாகவே நினைத்தேன். அட்டவணை போடத் தெரிந்தவளுக்கு முப்பத்தெட்டுப் பேர் ஒரு பெரிய கணக்கா?

காட்டுப் பாதையில் ஏறி இறங்கி கெராச்சுட் கடற்கரைக்குப் போவது, அங்கே சமைத்துச் சாப்பிடுவது, பன்னிரண்டு பேர் மட்டும் கூடாரம் போட்டுத் தங்குவது, மற்றவர்கள் மாலையில் படகில் திரும்புவது. இதுதான் திட்டம். அனுமதியெல்லாம் முறையாக வாங்கியிருந்தேன்.

பாதையில் அரை மணி நேரம்கூட நடந்திருக்க மாட்டோம், மேட்டில் வரிசை நின்றுவிட்டது. மர வேர்களே படிகளாக இருக்கும் இடம் அது, ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். முன்னால் சிலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தார்கள். அரிசிப் பையும் பெரிய பானையும் தூக்கி வந்தவர்கள் நடுவழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் வேறு இரண்டு குழுக்கள் வந்து முட்டிக்கொண்டு நின்றன.

அப்போது எதிர்த் திசையிலிருந்து ஒருவர் தனியாக இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். சிறிய பை, கையில் ஒரு தடி. எங்கள் கூட்டத்தைப் பார்த்து நின்றார். யாரும் வழிவிடவில்லை. வழிவிட இடமும் இல்லை. அவரே பாதையை விட்டு விலகிச் சரிவில் கால் வைத்தார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. இலைச் சருகின் மேல் வைத்த கால் அப்படியே சறுக்கியது. இரண்டு ஆள் உயரம் உருண்டு ஒரு மரத்தில் மோதி நின்றார்.

நானும் கம்பெனித் தோழி ஒருத்தியும் கீழே இறங்கித் தூக்கினோம். அவருடைய வலது மணிக்கட்டு பார்க்கக் கூடாத விதத்தில் திரும்பியிருந்தது. அவர் கத்தவில்லை. "தண்ணி இருக்கா, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். தமிழர் என்று அப்போதுதான் தெரிந்தது.

குழுவை முன்னால் போகச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் அவரைத் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தோம். என் காரிலேயே மருத்துவமனைக்குப் போனோம். வழியில் சொன்னார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாராம். நாள் முழுக்கக் காதடைக்கும் சத்தம். லீவு நாளில் சத்தமில்லாத இடமாகப் பார்த்து நடப்பாராம்.

"நீங்க எத்தனை பேரு வந்தீங்க?"

"முப்பத்தெட்டு, அண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய மனைவி மருத்துவமனைக்கு வந்த பிறகு நான் படகு பிடித்துக் கடற்கரைக்குப் போனேன். மாலை நான்கு மணி இருக்கும். தூரத்திலேயே புகை தெரிந்தது. கெராச்சுட் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட ஏறி வரும். நெருப்பு மூட்டாதீர்கள் என்று பலகை இருக்கிறது. அந்த மணலில்தான் எங்கள் ஆட்கள் பள்ளம் தோண்டி நெருப்பு மூட்டியிருந்தார்கள். அக்கா கோழிக் கறி வைத்து முடித்து, ஓடைத் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பானை தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரை பாறையைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போயிற்று. மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கப் போன நான், போன வேகத்தில் திரும்பினேன். எங்கே பார்த்தாலும் டிஷ்யூ. ஒருவர் குப்பையை மணலில் புதைத்திருந்தார். குரங்குகள் அதைத் தோண்டி, கோழி எலும்பையும் பிளாஸ்டிக்கையும் கிளை கிளையாகக் கொண்டுபோயிருந்தன.

யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் எனக்குத் தெரிந்த, வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொள்ளும் ஆட்கள். காட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

நெருப்பை அணைக்கச் சொன்னேன். அக்காவிடமிருந்து சோப்பைப் பிடுங்கினேன். "என்னா லா உனக்கு? எல்லாரும் சந்தோஷமா இருக்கோம், வந்ததும் வராததுமா டீச்சர் மாதிரி கத்துற!" என்றாள். மறுநாள் காலை தங்கியிருந்த பன்னிரண்டு பேரையும் வைத்து, கையுறை போட்டு, மரத்தடி வரை சுத்தம் செய்தேன். கறுப்புப் பைகள் பதினொன்று நிறைந்தன. படகுக்காரர் பைகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பழங்கள் வாங்கிக்கொண்டு பட்டர்வொர்த்தில் கிரேன் ஓட்டுநரின் வீட்டுக்குப் போனேன். மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். மூன்று மாதம் கிரேன் ஏறக் கூடாது. அவர் மனைவி கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டேன். உள்ளேயிருந்து அவர் குரல்தான் என்னை அழைத்தது.

உட்கார்ந்ததும் சொன்னேன், "இனிமே இப்படி நடக்காது, அண்ணே. பத்துப் பேருக்கு மேல கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"பத்தே ஜாஸ்திதான்," என்றார்.

அவர் மனைவி அப்போதுதான் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

அன்று மாலை குழுவில் எழுதினேன். ஒரு பயணத்துக்குப் பத்துப் பேர். பாட்டு கிடையாது. நெருப்பு கிடையாது, சமையல் சின்னக் கேஸ் அடுப்பில்தான். கொண்டுபோனது எல்லாம், பழத்தோல் உட்பட, திரும்ப வர வேண்டும். ஓடையில் சோப்புக் கூடாது. ஒதுங்க வேண்டுமென்றால் தண்ணீரைவிட்டு எழுபது காலடி தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூட வேண்டும், டிஷ்யூ பையில் திரும்ப வரும். எதிரே ஆள் வந்தால் நாம்தான் நின்று வழிவிட வேண்டும்.

கிண்டலுக்குக் குறைவில்லை. ஒருவர் மண்வெட்டிப் படம் போட்டார். இன்னொருவர், "காட்டுக்குப் போறோமா, கம்பெனி ஆடிட்டுக்குப் போறோமா?" என்று கேட்டார். பாதிப் பேர் குழுவைவிட்டுப் போனார்கள். என் கணவரே, "கொஞ்சம் மெதுவா சொல்லிருக்கலாம் லா," என்றார். மெதுவாகச் சொன்னால் நானே இரண்டு வாரத்தில் மறந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்துப் பத்துப் பெயரோடு பட்டியல் போட்டேன். கிளம்பும் நாள் காலை பூங்கா வாசலில் தலைகளை எண்ணினேன். இருபத்தொன்று. கூடுதலாக வந்த பதினொரு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கூட்டத்தைக் கண்டதும் நான் இளகிவிடுவேன் என்ற நம்பிக்கை. முன்னால் நின்றது அக்கா. அவளும் அவள் தோழிகள் இருவரும் புதுக் காலணியும் தொப்பியும் வாங்கியிருந்தார்கள்.

"பட்டியல்ல இருக்கறவங்க மட்டும் வாங்க," என்றேன்.

"விளையாடாத. நாங்க அஞ்சரைக்கே எழுந்து வந்திருக்கோம்."

"அக்கா, நீ பட்டியல்ல இல்ல."

"நான் உன் அக்கா!"

"அதனாலதான் மொதல்ல உன்ன அனுப்பறேன். உன்ன விட்டா மத்தவங்ககிட்ட நான் எப்படி சொல்றது?"

அக்காவின் முகம் சிவந்து, கண் கலங்கிற்று. எல்லார் முன்னாலும் அவளை நான் அவமானப்படுத்தியதாகவே அவள் நினைத்தாள். அதில் பொய்யும் இல்லை. பதினொரு பேரும் பேருந்து நிறுத்தம் பக்கம் திரும்பி நடந்தார்கள். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மேட்டில் எதிரே வந்த ஒரு சீனத் தம்பதிக்காக நாங்கள் பத்துப் பேரும் ஓரமாக ஒதுங்கி நின்றோம். அரை நிமிடம்தான் ஆயிற்று. நாங்கள் பேசாமல் நடந்தபோது, இத்தனை வருடம் நான் கேட்டிராத ஒரு பறவைச் சத்தம் கேட்டது. என்ன பறவை என்று இன்றுவரை தெரியாது. கடற்கரையில் ஏற்கெனவே கூடாரம் போட்டுப் பழகிய தரையிலேயே எங்கள் கூடாரங்களையும் போட்டோம். சார்டின் மீன் டின்னை நசுக்கிப் பையில் வைத்தோம். குழி தோண்டப் போக வெட்கப்பட்டவர்கள் இருந்தார்கள். சின்ன மண்வாரியைக் கையிலெடுத்து, எல்லாரும் பார்க்க நானே முதலில் போனேன். அதன் பிறகு யாரும் வெட்கப்படவில்லை.

காலையில் கிளம்பும்போது சுற்றி வந்த ரேஞ்சர், எந்த இடத்தில் தங்கினீர்கள் என்று மலாயில் கேட்டார். காட்டினேன். தரையைப் பார்த்தார். "இங்கேயா?" என்று மறுபடி கேட்டார்.

அக்கா நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. லிஃப்டில் ஏறினால் தான் இறங்கும்வரை போனைப் பார்ப்பாள். தீபாவளிக்கு முறுக்கு வந்தது, அவள் வரவில்லை. பலமுறை அவள் கதவைத் தட்ட நினைத்திருக்கிறேன். தட்டினால், அடுத்த தடவை வா என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் பட்டியல் என்பது வெறும் காகிதம். அதனால் தட்டவில்லை.

பிறகு ஒரு நாள் குழுவில் அவள் பெயர் வந்தது. மற்றவர்கள் எழுதுவது போலவே, பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும். பத்து இடமும் நிரம்பிவிட்டிருந்தது. காத்திருப்போரில் மூன்றாவதாக எழுதிக்கொண்டேன். அவளுக்கு இடம் கிடைக்க இன்னும் ஆறு வாரம் ஆயிற்று. இடையில் சேர்த்துக்கொள் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை.

அவள் வந்த அந்தப் பயணம் பள்ளி விடுமுறையில் அமைந்தது. பாதை பழையபடி நெரிசல். அதே மேட்டில் ஓர் இளைஞர் குழு, ஐம்பது பேராவது இருக்கும், ஸ்பீக்கரும் பானையுமாக வழியை அடைத்து நின்றது. நான் அவர்களின் தலைவரைத் தேடிப் பேச வேண்டும் என்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். என்னை முந்திக்கொண்டு அக்கா போய்விட்டாள். சிவப்புச் சட்டை போட்ட ஒரு வாலிபனைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, நீதான் தலைவரா? இத்தன பேரக் கூட்டிட்டு வந்திருக்கியே, பின்னால எத்தன பேரு நிக்கறாங்கன்னு பாத்தியா?"

"கொஞ்ச நேரம்தான் அக்கா. சும்மா ஜாலி லா."

"ஜாலியா இரு. அஞ்சு கூட்டமாப் பிரிச்சு விடு. ஒரு கூட்டம் போயி பத்து நிமிஷம் கழிச்சு அடுத்தது. பாட்ட நிறுத்து. எதிர்ல ஒரு ஆளு வந்தா எங்க கால வைப்பான்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அக்காவைக் கைகாட்டினேன். அவன் தலையைச் சொறிந்தான். பிறகு ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லிவிட்டு, பத்துப் பத்துப் பேராக நிறுத்தத் தொடங்கினான். சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கடைசிக் கூட்டம் பிரியும்வரை அங்கேயே நின்றாள். நாங்கள் ஒன்பது பேரும் அவளுக்காக ஓரமாக ஒதுங்கிக் காத்திருந்தோம்.